எஞ்சின் ஆண்டு: பழைய கார் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, மீனாட்சிபுரம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து வண்டியோட்டி வந்த நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மழை கொட்டிய ஜூலையைத் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. முதலமடை மாந்தோப்புச் சந்திப்புக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். காருக்காக வந்தார்களா மாம்பழத்துக்காக வந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. சித்தூர் கொங்கன்படைக்குக் கோவை நண்பர்கள் தங்கள் கார்களோடு வந்திருந்தார்கள். கொங்குப் படையை ஊரார் விரட்டியடித்த நினைவுக்கு எடுக்கும் திருவிழாவில் கோவை நம்பர் பிளேட்டோடு நுழைந்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? சாப்பாடு போடும்வரை கிண்டல் ஓயவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தை உண்மையில் ஆட்டிவைத்தது ஒரே விஷயம்தான். வடகரப்பதி உறுப்பினரின் 1967 அம்பாசடர் மார்க் 2. அவருடைய அப்பா வாங்கிய வண்டி, இன்றும் தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடுகிறது. நெல்லியாம்பதிப் பயணத்தில் போத்துண்டி அணையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே சூடு முள் மேலே போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரில் குமிழி. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தது. வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தோம்.

அடுத்த கூட்டத்தில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. "இதை இறக்கிப் போட்டுவிட்டு 1990-களில் அம்பாசடருக்கே வந்த 1800 இசுசு பெட்ரோல் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு ஏற்றிவிடலாம், தொல்லை தீரும்" என்று இளைய உறுப்பினர்கள். "பிறந்தபோது இருந்த எஞ்சினைக் கழற்றினால் அது பழைய கார் அல்ல, பழைய கூடு" என்று மூத்தவர்கள். இதில் எனக்குச் சிரிப்பு வந்தது ஒரு காரணத்தால்தான்: டீசல் மலிவாக இருந்த காலத்தில் நம் பக்கத்து அம்பாசடர்களைப் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாற்றி ஓட்டியவர்கள் இதே மூத்தவர்கள்தான்.

சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்த, எஞ்சின் வேலை தெரிந்த நம் ஆசான் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஹெட்டை யாராவது இறக்கிப் பார்த்தீர்களா?" எஞ்சினின் மேல் மூடியான அந்தச் சிலிண்டர் ஹெட்டை யாரும் இறக்கிப் பார்க்கவில்லை. பொருளைப் பார்க்காமலே ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

இறக்குவதற்கு முன் ஆசான் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் அழுத்தம் சேர்ந்து படுத்திருந்தது. ஒன்றும் நாலும் குறைவு, ஆனால் பிளக் ஓட்டை வழியே கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தபோது அவை ஏறின. அருகருகே இருக்கும் இரண்டு சிலிண்டர் ஒன்றாகப் படுத்தால் ஹெட்டின் அடியில் வைக்கும் கேஸ்கட் தகட்டையோ ஹெட்டையோ சந்தேகப்பட வேண்டும். ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் துளையான போரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். புதிய உறுப்பினர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கால் மணி நேர வேலை.

ஹெட் இறங்கியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. இந்த 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பு. இதில் நடு இரண்டு சிலிண்டருக்கும் புகை வெளியேறும் வழி ஒன்றுதான், எனவே அந்த இடம் எப்போதும் கொதிக்கும். சரியாக அங்கேதான், இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் வந்து அமரும் சீட்டுக்கும் நடுவில், தலைமுடி கனத்தில் விரிசல். வார்ப்பிரும்பில் அந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மறுபடியும் வெடிக்கும் என்றார் ஆசான். உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் தேடி அதே வகை ஹெட் ஒன்று எடுத்தோம். தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே காசு கொடுத்தோம்.

ஹெட்டை மாற்றினால் எஞ்சினை மாற்றியதாகுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. எஞ்சின் நம்பர் இருப்பது சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதியான பிளாக்கில். ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருப்பதும் அதுதான். ஹெட், கார்புரேட்டர், டைனமோ எல்லாம் ஆயுளில் ஒருமுறையாவது மாறியவைதான். பிளாக் பிழைத்தால் எஞ்சின் பிழைத்தது.

சரி, பிளாக் எப்படி? மூன்றாவது சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் சட்டென்று தட்டியது. ரிங் போகாத இடத்துக்கும் போகும் இடத்துக்கும் அவ்வளவு படி. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இது ஏற்கெனவே நாப்பதுல ஓடிட்டு இருக்குதுங்க" என்றார். கம்பெனி அளவு 73.025 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ஒவ்வொரு ரீபோருக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போகும். நாற்பதுக்கு மேல் பிஸ்டன் தேடுவதும் கடினம், சுவரும் மெலிந்துவிடும். இங்கேதான் பலர் கை கழுவுகிறார்கள். ஆனால் பிளாக்கில் விரிசல் இல்லை. நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் என்னும் உள்குழாய் அடித்து மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே போர் செய்யலாம் என்றார் அவர். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கும் ஒரு கிரைண்டிங் தாங்கும் என்று தெரிந்தது. மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க் என்பதால் இதை அளக்காமல் விட்டிருந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

விலையையும் மறைக்காமல் சொல்கிறேன். ஸ்லீவ், பிஸ்டன், கிராங்க், ஹெட் வேலை எல்லாம் சேர்த்தால், ஓடுகிற நிலையில் கிடைக்கும் பழைய எஞ்சின் ஒன்றைவிடக் கூடுதல்தான் வந்தது. ஆனால் அந்த எஞ்சினும் எத்தனையில் ஓடுகிறது என்று திறக்காமல் தெரியாதே. இசுசு கணக்கில் எஞ்சின் விலையோடு கியர் பெட்டி, மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் என்று வால் நீண்டுகொண்டே போனது. அதோடு நாலு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பாதிக்குமேல் சக்தியைக் கூட்டிவிட்டு எதை வைத்து நிறுத்துவது? இதற்கு இளையவர்களிடம் பதில் வரவில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சினை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். 50 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவில், சேஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பதே நிபந்தனை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். சந்தைக்குத் தக்காளி ஏற்றும் நம் உறுப்பினருக்கு அது ஒத்துவராது. அவர் சாதாரணப் பதிவிலேயே தொடர்கிறார். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்ததில் அவருக்கு உள்ள வருத்தம் தனிக்கதை.

பிளாக்கில் உள்ள எஞ்சின் நம்பரின் அருமை திரும்பும் வழியில் புரிந்தது. வேலை முடிந்த எஞ்சினைப் பிக்அப்பில் ஏற்றி வரும்போது எல்லைச் சோதனையில் நிறுத்தி, எங்கே எடுத்தது, யாருடையது என்று துருவினார்கள். நம் உறுப்பினர் ஆர்.சி.யை நீட்டி, துணியால் பிளாக்கைத் துடைத்து நம்பரைக் காட்டினார். ஒத்துப்போனது, விட்டுவிட்டார்கள். அப்போதுகூட டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹெட் வேலையின்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் பதித்துவிட்டோம். 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்ற பிறகு பழைய மென்மையான சீட்டுகள் உள்ளே அமிழ்கின்றன. இப்போது 20 சதவீதம் எத்தனாலும் வந்துவிட்டதால் பெட்ரோல் ஹோஸ், கார்புரேட்டர் ரப்பர் சாமான்களையும் மாற்றினோம். வேலை முடிந்த எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் ரன்னிங் இன் முடிந்து, ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி, ஆயிலும் மாற்றியாயிற்று. தை பிறந்ததும் அதே போத்துண்டி ஏற்றத்தில் சூடு முள் நடுவிலேயே நின்றது.

பழுது பார்ப்பதுதான் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. மீனாட்சிபுரம் உறுப்பினரின் பத்மினி காரில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பிளாக்கின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கை நுழையும் ஓட்டை. அதில் வாதாட எதுவும் இல்லை. அதே 1089 சிசி எஞ்சின் ஒன்றை ரசீதோடு வாங்கி, அனுமதி பெற்று, ஆர்.சி.யில் ஏற்றி முடித்தார். ரசீது இல்லாத எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உடைந்த பிளாக்கை எடைக்குப் போட இருந்தவரைத் தடுத்து, கிரீஸ் தடவித் தென்னந்தோப்புக் கொட்டகையில் வைக்கச் செய்திருக்கிறோம். வண்டியை நாளை வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இவற்றையெல்லாம் வைத்து நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. எஞ்சின் வேலைக்குச் சங்கத்தின் சுழல்நிதியில் கடன் கேட்பவர், ஹெட்டை இறக்கி போர், கிராங்க் அளவுகளை எழுதிய தாளைக் கொடுத்த பிறகே விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படும். எஞ்சினை மாற்றுபவர் பழைய பிளாக்கை விற்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு எதிர்ப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். அது அவரவர் சொத்துதான். ஆனாலும் கடன் வேண்டுமென்றால் இதையும் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. விவாதித்து முடிவு செய்யுங்கள்.

சங்கத்துக்கென்று ஒரு போர் கேஜும் கம்ப்ரஷன் கேஜும் வாங்கியிருக்கிறோம். கொண்டுபோகிறவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுக்கவும். எருத்தேம்பதியில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி எஞ்சின் இன்னும் இறக்கப்படவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தை அந்தக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் அழைத்திருக்கிறார். ஸ்பேனர் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள்.

ஆசானுக்கும், பட்டறை நண்பருக்கும், இழுத்துவர ஜீப் கொடுத்தவருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்