குழி வேண்டாம், பை போதும்

குறிஞ்சிப்பாடி

அன்பு மலருக்கு அம்மா எழுதுவது.

நீ இருக்கிற ஜெர்மனியில் கோதுமை மாதிரியான ரை பயிரைப் பச்சையாக அறுத்து, காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்கவைத்து, அதாவது சைலேஜ் போட்டு, மாட்டுக்கு வைக்கிறார்கள், நம்ம கொல்லையிலும் போடலாமா என்று கேட்டிருந்தாய். ரை சரிவராது கண்ணு. ரை குளிர்காலப் பயிர். அங்கே இலை உதிரும் காலத்தில் விதைத்து, கதிர் இன்னும் பொதிக்குள் இருக்கும்போதே சித்திரை வாக்கில் அறுத்து, அதே நிலத்தில் மக்காச்சோளம் போடுவார்கள். கதிர் வெளியே வந்துவிட்டால் சில நாளிலேயே தண்டு நாராகும், புரதம் இறங்கும். உள்ளே காலியான அந்தத் தண்டு எவ்வளவு மிதித்தாலும் அமுங்காமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். நம்ம ஊரில் அதற்கு வேண்டிய குளிர் ஏது? ஆசைப்பட்டு விதையைப் பெட்டியில் போட்டு எடுத்து வராதே. அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

நமக்கு மக்காச்சோளம்தான். இல்லாவிட்டால் கோ எஃப்எஸ் 29 என்கிற தீவனச் சோள ரகம். அதைப் பூத்த பிறகுதான் அறுக்கணும், இளசில் நஞ்சு உண்டு. மக்காச்சோளத்துக்கு மணிதான் கணக்கு. நகத்தால் கீறினால் பால் தெறிக்கக் கூடாது, மாவு மாதிரி நகத்தில் ஒட்டணும். பெரும்பாலும் 75 முதல் 85 நாளில் அந்தப் பதம் வரும்.

தம்பி 2 மீட்டர் நீள அகல ஆழத்துக்குக் குழி வெட்டப் போகிறேன் என்கிறான், நீயும் பணம் அனுப்புகிறேன் என்கிறாய். கணக்கைப் பாருங்கள். 3 மாடு, மாட்டுக்கு 15 கிலோ, நாளுக்கு 45 கிலோ. ஒரு கன மீட்டரில் 500, 600 கிலோ பிடிக்கும். அந்தக் குழியில் மேலாக அள்ளினால் நாளுக்கு 2 செ.மீ. அளவுக்குத்தான் இறங்கும். நம்ம வெயிலுக்கு தினம் 15 செ.மீ.யாவது எடுத்தால்தான் தப்பும். இல்லாவிட்டால் திறந்த இடம் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். போதாததற்கு, பெருமாள் ஏரிப் பக்கம் ஐப்பசியில் குழிக்குள் தண்ணீர் ஊறும். 20 மாடு இருந்தால் தரைக்கு மேலே சுவர் கட்டிப் போடலாம். 3 மாட்டுக்கு 50 கிலோ பைதான் தோது, நாளுக்கு ஒன்று பிரித்தால் தீர்ந்துவிடும். அடைமழைக் காலத்துக்கு 90 பை. அதற்கு 40 சென்ட் மக்காச்சோளம் போதும். வைகாசிக் கடைசியில் விதைத்தால் ஆவணியில் பை கட்டிவிடலாம், 45 நாள் கழித்துப் பிரிக்க ஐப்பசி ஆகும்.

2 செ.மீ. துண்டாக வெட்டி, ஒரு கைப்பிடியை அரை நிமிஷம் இறுக்கிப் பிடித்துத் திறக்கச் சொல். சாறு சொட்டினால் ஈரம் அதிகம், அரை நாள் வாடட்டும். உருண்டை மெதுவாக அவிழ்ந்தால் சரி. உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, அமுங்காது. நேப்பியர் புல்லாக இருந்தால் வாட்டுவதோடு 100 கிலோவுக்கு 2 கிலோ மொலாசஸும், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும், தெளிக்கணும், அதில் இனிப்பு குறைவு. பைக்கு உள்ளே போடும் பிளாஸ்டிக் பை கிழியாமல் அரை அடி அரை அடியாகப் போட்டு அமுக்கணும். தம்பி நடுவில் மட்டும் குத்துவான், மூலையை விட்டுவிடுவான்; கெடுவது அங்கேதான். காற்றைப் பிழிந்து முறுக்கிக் கட்டி, அன்றைக்கே முடிக்கணும். நிழலில் பலகை மேல் அடுக்கணும். எலி ஓட்டை போட்டால் பார்த்த உடனே டேப் ஒட்டணும், விட்டால் பை முழுக்க வீண்.

பிரித்ததும் லேசான புளிப்பு வாசமும் மஞ்சள் கலந்த பச்சையும் இருந்தால் நல்லது. அழுகல் வாடை வந்தால் ஈரத்தோடு கட்டியது. புகையிலை மாதிரி பழுப்பாகி வாடை வந்தால் காற்று புகுந்து சூடேறியது. வெள்ளைப் பூஞ்சணம் கண்டதை எருக்குழியில் கொட்டணும்; சினை மாட்டுக்கு வைத்தால் சினை கலையக்கூடும். முதல் நாள் 5 கிலோவில் ஆரம்பித்து 10 நாளில் 15க்குக் கொண்டுவரணும். கறந்த பிறகுதான் வைக்கணும், முன்னாடி வைத்தால் பாலில் வாடை ஏறும். மக்காச்சோளத்தில் புரதம் கம்மி என்பதால் வேலிமசால் தழையோ அகத்தித் தழையோ கூட வேணும், வைக்கோலை நிறுத்தக் கூடாது.

பணம் அனுப்புவதானால் 2 எச்.பி. மோட்டார் வைத்த தீவனத் தட்டை வெட்டும் மெஷினுக்கு அனுப்பு. கூடவே ஒரு ஜோடி கத்தியும் வாங்கணும். மழுங்கின கத்தி தட்டையை வெட்டாது, நார்நாராகக் கிழித்துப் போடும்.

அம்மா