எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டிலும் கொடியேற்றினோம். பொங்கல் கோலப்போட்டியும் குழந்தைகளுக்கான ஓட்டப்பந்தயமும் வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தப்பட்டது. எரியாத தெருவிளக்குகளுக்காக மனு கொடுத்தோம். பெரும்பாலானவை இப்போது எரிகின்றன.

இனி பூங்காப் புல்தரை. இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பிலும் பணத்திலும் பெரும்பகுதி இதற்கே போனது. "புல்லுக்கு இவ்வளவா?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து விளக்கமாகவே எழுதுகிறேன்.

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியதும் காட்டுப்பன்றிகள் புல்தரையைக் கிளற இறங்கிவிடுகின்றன. அவை புல்லைத் தின்ன வருவதில்லை. புல்லுக்கு அடியில் இருக்கும் மண்புழுவும் வேர்ப்புழுவும்தான் அவற்றுக்கு வேண்டும். கோடை மழைக்கு வெளிவரும் பழுப்பு வண்டுகள் மண்ணில் முட்டையிடுகின்றன. அதிலிருந்து வரும் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்து மாதக்கணக்கில் வேரைத் தின்கிறது. வேர் போன இடத்தில் கிக்குயு புல் பாய்போலக் கையோடு வந்துவிடும். பன்றிக்கு அது மூடி திறந்த பாத்திரம்.

ஆகவே முதலில் புழுவைக் கணக்கெடுத்தோம். ஓரடிக்கு ஓரடி சதுரத்தில் மூன்று பக்கம் மூன்று அங்குல ஆழம் வெட்டி, புல்லை மடித்துத் திருப்பி எண்ண வேண்டும். ஐந்து புழுவுக்கு மேல் இருந்தால்தான் மருந்து தேவை. தாண்டிய இடங்களில் மட்டும், புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத் தூளைச் சென்ட்டுக்கு 50 கிராம் வீதம் நன்கு மட்கிய சாண எருவில் கலந்து, ஈரத்தோடு ஒரு வாரம் நிழலில் மூடிவைத்து, பிறகு மாலை வேளையில் தூவித் தண்ணீர் தெளித்தோம். வெயிலில் தூவினால் பூஞ்சாணம் செத்துவிடும். பூஞ்சாணக் கொல்லி அடித்த மண்ணிலும் வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள், மீன் கழிவு ஆகியவற்றைப் புல்தரைக்கு உரமாகப் போடுவதை நிறுத்திவிட்டோம். அவற்றின் வாசனையே பன்றிக்கு அழைப்பு. கோடையில் மாலை நேரப் பாசனத்தையும் காலைக்கு மாற்றினோம். இரவு முழுக்க ஈரமாக இருக்கும் தரையில்தான் மண்புழு மேலே வரும்.

ஆனால் மண்புழுவை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. எனவே வேலி தவிர்க்க முடியாதது.

பூங்காவுக்கு ஏற்கெனவே வேலி இருந்ததே என்பது பலரின் கேள்வி. இருந்தது. கீழ்க்கம்பி இழுத்துக் கட்டப்படாத வேலி அது. வளர்ந்த பன்றி மூக்கை நுழைத்து ஒரு தூக்குத் தூக்கினால் வலை மேலே போய்விடும். பின்னால் குட்டிகள் வரிசையாக நுழையும். நாலடி உயரம் பன்றிக்குப் போதும். பிரச்சினை எப்போதும் அடியில்தான். ஆகவே பழைய வலையைக் கழற்றாமல், எட்டடிக்கு ஒன்றாக நிற்கும் கல்தூண்களுக்கு இடையே தரையை ஒட்டித் தடித்த கம்பி ஒன்றை முறுக்கி இழுத்தோம். அதோடு இரண்டடி அகல வலையை வேலிக்கு வெளிப்புறமாகத் தரையில் விரித்து, அடிக்கு ஒரு கட்டு வீதம் கீழ்க்கம்பியில் கட்டி, வளைத்த இரும்புக் கம்பி முளைகளை அடித்து, மேலே நாலு அங்குலம் மண் போட்டு மூடினோம். பன்றி வேலியின் காலடியில்தான் தோண்டும். இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தெரியாது. தோண்டிய இடத்தில் மூக்கு கம்பியில் இடிக்கும், விட்டுவிடும். வலையைச் செங்குத்தாகப் புதைப்பதை விட இதற்குப் பள்ளம் வெட்டும் கூலி மிகக் குறைவு. மழைநீர்க் கால்வாய் வேலியைக் கடக்கும் இடத்தில் நாலு அங்குல இடைவெளியில் கம்பிச் சட்டம் வைத்து, குப்பை தள்ளினால் திறந்து மூடும்படி மேலே கீல் போட்டிருக்கிறோம். கேட்டின் அடியில் கான்கிரீட் படி கட்டியாயிற்று. இந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டு மற்றதை எவ்வளவு பலமாகச் செய்தாலும் வீண்.

பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் வெளிப்புறமாக இரட்டைச் சூரிய மின்கம்பி. தரையிலிருந்து 8 அங்குலத்தில் ஒன்று, 18 அங்குலத்தில் ஒன்று. கீழ்க்கம்பி பன்றியின் மூக்கில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த உயரம். முதுகு மயிரில் பட்டால் அதிர்ச்சி ஏறாது. ஏறினாலும் பின்வாங்காமல் முன்னே பாய்ந்துவிடும். தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி இதற்கு அனுமதியும் பதிவும் வேண்டும், பெற்றிருக்கிறோம். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்க நினைப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அது கொலைக் கருவி. நள்ளிரவில் கைவைப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மின்வேலி போட்டதோடு வேலை முடிவதில்லை. மழைக்காலத்தில் கிக்குயு புல் சீக்கிரமே கீழ்க்கம்பியைத் தொட்டுவிடும்; ஒவ்வொரு தண்டு வழியாகவும் மின்சாரம் மண்ணில் கசியும். வேலியின் கடைசி முனையில் 4,000 வோல்ட் காட்ட வேண்டும்; 3,000க்குக் கீழே போனால் பன்றி சட்டை செய்யாது. ஆறடி எர்த் கம்பிகள் மூன்று, பத்தடி இடைவெளியில் இறக்கியிருக்கிறோம். மாசி, பங்குனியில் மண் காய்ந்ததும் அவற்றின் அடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பன்றி அதிகம் வரும் கார்த்திகையில்தான் நம் ஊரில் மூடுபனி. சூரியப் பலகைக்கு வெயில் கிடைக்காது, பேட்டரி இறங்கிவிடும். அப்போது வாரம் ஒருமுறை கழற்றி வீட்டில் சார்ஜ் போட வேண்டும். இந்த வேலைகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலர். அரிவாளோடு வந்தவர்கள் எப்போதும் அதே சிலர்தான். அவர்களுக்கு இந்தச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

வேலி போடுவதற்கு முன் பன்றிகள் கிளறிப்போன இடங்களைச் சீர்செய்த முறையையும் பதிவு செய்கிறேன். பெயர்ந்த புல்லை அன்று காலையே எடுக்க வேண்டும்; வெயில் ஏறினால் வேர் காய்ந்துவிடும். குழியைக் கொத்திச் சமப்படுத்தி, புல்லைப் பச்சை மேலாக வைத்து, பலகை போட்டு மிதித்து, தண்ணீர் விட வேண்டும். அழுத்தாமல் விட்டால் அடியில் காற்று நின்று புல் மஞ்சளாகும். புல்லே இல்லாமல் போன இடத்தில் நாலைந்து கணு உள்ள தண்டுகளை அரையடிக்கு ஒன்றாக ஊன்றினால் மழையில் மூடிக்கொள்ளும்.

வேறு யோசனைகளும் வந்தன. பழைய சேலை கட்டுவது, மிளகாய்ப் புகை, முடி தூவுவது எல்லாம் சில இரவுகள் தாங்கும். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் பன்றி பழகிவிடும். நாயை வெளியே கட்டினால் சிறுத்தைக்கு இரையாகும். தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் என்ற பேச்சே இனி இந்த அரங்கில் எழக்கூடாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வாய்க்குள் வெடி வெடித்துக் கர்ப்பிணி யானை ஒன்று செத்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சுட அனுமதி கேட்கலாமே என்றார்கள். 2025 ஜனவரி அரசாணைப்படி வனத்துறையினர்தான் சுடலாம். அதுவும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது. நாம் இருப்பது அந்த ஒரு கிலோமீட்டருக்குள்.

காட்டெருமை வந்தால் விரட்டாதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள், அது போகும் வழியை மறிக்காதீர்கள். குளம்புத் தடத்தில் மண் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது மனத்தில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். பன்றிகள் பகலில் படுத்திருப்பது காட்டில் அல்ல. நம் குடியிருப்புக்குள்ளேயே, உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கும் மனைகளில், ஆள் உயரம் வளர்ந்த உண்ணிச்செடிப் புதருக்குள். கவாத்து செய்யாமல் விட்ட தேயிலையும் அப்படியே. கடிதம் அனுப்பினோம், தொலைபேசியில் பேசினோம். புதரும் அகலவில்லை, சந்தாவும் வரவில்லை. உதிர்ந்த கொய்யாவையும் பேரிக்காயையும் சோற்றுக் கழிவையும் வேலியோரம் கொட்டுவதோ ஊரிலேயே இருப்பவர்கள். இது இரண்டும் நிற்காமல் எந்த வேலியும் நிற்காது.

கணக்கைப் பொருத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய நேராக நிற்கின்றன. வேலிச் செலவு மதிப்பீட்டைச் சற்றுத் தாண்டியது. குறைந்ததைச் செயற்குழுவினர் சிலர் கைமாற்றாகக் கொடுத்துள்ளனர். தணிக்கை செய்த விவரம் பொருளாளரிடம் உள்ளது, பார்க்கலாம். ஒத்துழைத்த வனத்துறையினர், நகராட்சிப் பணியாளர்கள், தோட்டக்காரர், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழு அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு கிழக்குப் பக்க வேலிக்கும் அடிவலை போட வேண்டும். ஐப்பசிக்கு முன் முடித்தால்தான் பயன். அதற்கு ஆவணியில் வலை வாங்கியாக வேண்டும். அதற்கான பணம் சங்கத்தில் இல்லை; பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் இருக்கும். மனை உரிமையாளர்கள் வேலியிலிருந்து முப்பதடிக்காவது புதரை வெட்டித் தந்தால் ஆள்கூலியில் பாதியைச் சங்கம் ஏற்கும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்க மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்