அக்காவுக்கு, திருநீற்றுப் புதனுக்கு முந்தின இரவில்

அன்புள்ள அக்கா,

நாளை சாம்பல் பூசிக்கொள்ளப் போகிறோம். அம்மா கட்டிலோடு ஆனபிறகு இது ஆறாவது தவக்காலம். இந்த ஆண்டு நான் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடக்கப் போவதில்லை. காரணத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதாமல் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை மாலைதான் திரும்பத் திரும்ப வருகிறது. தேவகோட்டை, திருவாடானை வழியாக வெறுங்காலில் நடந்து, ஓரியூர்ச் செம்மண்ணில் முழந்தாளிட்டுவிட்டு, பஸ் ஏறி நம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். வலது குதிகாலில் கருவேல முள். நீ ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைத்தாய். அப்பா தன் கையால் வார்த்த ஆத்தங்குடிக் கல்லின் மேல் தாம்பாளத்தை வைத்து, என் காலைக் கழுவி, ஊசியால் முள்ளை எடுத்து, மஞ்சளைக் குழைத்துப் பூசினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, அக்கா. பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவது நினைவுக்கு வந்தது. கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் சீடனாக என்னை நினைத்துக்கொண்டேனே தவிர, குனிந்து கழுவுகிறவரின் இடத்தில் இருப்பது யார் என்று பார்க்கவில்லை.

துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "இன்று ஓர் இரவு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க நீ விழித்திருக்கிறாயா? இரண்டு நாளாக நான் கண் மூடவில்லை."

"ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தியில் இருக்கிறேன் அக்கா, உடம்பில் தெம்பில்லை" என்றேன்.

"சரி, தூங்கு" என்றாய்.

நான் தூங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். பன்னிரண்டுக்கு உன் வளையல் சத்தம் கேட்டது. இரண்டுக்குக் கேட்டது. நான்குக்கும் கேட்டது. முற்றத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி, விழித்தபடியே கிடந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூடச் சொன்னதில்லை.

தெம்பில்லை என்றது முழுப் பொய்யும் இல்லை. கால் வீங்கியிருந்தது, காய்ச்சலும் இருந்தது. ஆனால் திருச்சபை ஒருசந்தி கேட்பது திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும்தான். நாற்பது நாளும் இருப்பேன் என்று கூட்டிக்கொண்டவன் நான். யாரும் கேட்காததைக் கொடுத்துவிட்டு, நீ வாய்விட்டுக் கேட்ட ஒன்றுக்கு அதையே சாக்காகச் சொன்னேன்.

சிலுவையைத் தூக்கிக்கொண்டு பின்பற்றச் சொல்லும் வசனம் மத்தேயுவிலும் மாற்குவிலும் உண்டு. லூக்கா ஒருவர்தான் அதில் "நாள்தோறும்" என்று சேர்க்கிறார், ஒன்பதாம் அதிகாரத்தில். எத்தனையோ சிலுவைப்பாதையில் அதை நானே உரக்க வாசித்திருக்கிறேன். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை மாற்கு ஏழில் ஆண்டவர் கண்டிக்கிறார். அங்கே பரிசேயரைத்தான் பார்த்தேன். முற்றத்தில் படுத்திருந்தவனைப் பார்க்கவில்லை.

புனித அருளானந்தரை நான் ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். லிஸ்பனில் பெருங்குடியில் பிறந்தவர், புலாலை விட்டு, நம் ஊர்த் துறவிகளைப் போலக் காவி உடுத்தி, 1693இல் ஓரியூரில் தலை கொடுத்தார். ஆனால் அவரிடம் ஞானஸ்நானம் பெறுவதற்காக மறவர் குல இளவரசர் தடியத்தேவர் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார் அல்லவா? விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் அன்றிரவு எங்கே போய்ப் படுத்தார்கள் என்று நடந்த வழி நெடுக நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. இப்போது நினைக்கிறேன்.

சரி, உன்னையும் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆள் வைத்துக்கொள், சம்பளம் நான் அனுப்புகிறேன் என்று எத்தனை முறை சொன்னேன்? வேற்றாள் கை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாய். பிறகு சின்னம்மா வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும், "தம்பி சாமிக்காரன், அவனுக்கு இதெல்லாம் முடியாது" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஒரே ஒரு நாள் என்னைத் திட்டியிருக்கலாமே, அக்கா? அம்மாவில் எனக்கு ஒரு பிடி கூடப் பங்கு வைக்காமல் நீயே வைத்துக்கொண்டாய். அதற்கும் தன்னலம் துறத்தல் என்றுதான் பெயரா?

அத்தான் விஷயமும் அந்தச் சங்கிலி விஷயமும் இங்கே வேண்டாம். இந்தக் கடிதத்தை நம் கோயில் பங்கு மக்கள் வாசிப்பார்கள், உறவுக்காரர்களும் வாசிப்பார்கள். நேரில் பேசிக்கொள்வோம்.

போன மாதம் வந்திருந்தபோது, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தரையைப் பார்த்தேன். நடக்க நடக்கத்தான் இந்தக் கல்லுக்கு மெருகு ஏறும் என்று அப்பா சொல்வார். உன் பாயிலிருந்து அம்மாவின் கட்டில் வரைக்கும் ஒரு தடம் பளபளக்கிறது. அறையில் மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்கிறது. மறுநாளே மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன்.

உத்தரவு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டியோடு வருகிறேன். இனி இரவுகள் என்னுடையவை. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் நான் எழுந்துகொள்வேன். சரியாகப் புரட்டுகிறேனா என்று நீ எழுந்து வந்து பார்க்கக் கூடாது. கை வழுக்கினால் அம்மாவே என்னைத் திட்டட்டும், வாய் வராவிட்டாலும் கண்ணால் திட்டுவாள். உன் பாயை உள் அறையில் விரித்துக்கொள். கதவைச் சாத்திக்கொள்.

உன் தம்பி