அகதோக்ளிஸைத் தேட உதவியவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானை ஒட்டிய பழைய நாடான பாக்திரியாவை ஆண்ட கிரேக்க அரசன் அகதோக்ளிஸ் பற்றி எங்கள் நூலக மாடியில் நான் பேசிய கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக நடந்தது. எட்டு மாதம் கூடவே நின்றவர்களுக்கு மேடையில் இரண்டே வரியில் நன்றி சொன்னது மனதுக்கு நிறைவாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கி.மு. 190க்கும் 180க்கும் இடையில் சில ஆண்டுகள் ஆண்டவன் என்று அவனைக் கணிக்கிறார்கள். பழைய நூல்களில் அவனைப் பற்றி ஒரு வரி கிடையாது. சாட்சி சொல்வதெல்லாம் அவன் வெளியிட்ட காசுகள்தான். 1970இல் வடக்கு ஆப்கானிஸ்தானின் அய் கானும் என்ற பழைய கிரேக்க நகரின் அரண்மனையில் பிரெஞ்சுக் குழு தோண்டியபோது ஒரு புதையல் கிடைத்தது. அதில் 677 இந்திய முத்திரைக் காசுகள், அவற்றோடு அகதோக்ளிஸின் ஆறு வெள்ளிக் காசுகள். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை பிரெஞ்சில் இருந்தது. பாண்டிச்சேரி அண்ணன்தான் வேலை முடிந்து வந்த களைப்போடு, பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அண்ணா, அந்தக் குரல் பதிவுகளை இன்னும் அழிக்கவில்லை.

அந்த ஆறும் சதுரக் காசுகள். படத்தைப் பெரிதாக்கி அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுக்காமல், "ஒரு கையில உலக்கை, இன்னொரு கையில கலப்பை. பலராமன்டா" என்றார். திருப்பினால் சங்கு சக்கரத்தோடு கண்ணன். பலராமன் பக்கம் கிரேக்க எழுத்து, கண்ணன் பக்கம் பிராமி.

அந்தப் பிராமியில்தான் நான் தடுமாறினேன். 'ராஜனே' என்று இருந்ததை நம் விளிவேற்றுமை என்றே எடுத்துக்கொண்டேன். கல்வெட்டு வாசிக்கச் சொல்லித்தரும் ஐயா அதைத் திருத்தினார். அது பிராகிருதம் என்ற பழைய வட இந்திய மொழி, 'அரசனுடைய' என்று பொருள். கிரேக்கப் பக்கத்தில் உள்ள 'பசிலேயோஸ்' என்பதற்கும் அதே பொருள்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. 'இது அரசன் அகதோக்ளிஸின் காசு' என்று இரண்டு மொழிக்காரர்களுக்கும் அவனே சொல்கிறான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம், வெளியூர் நூலகத்திலிருந்து நாணய அட்டவணையை வரவழைத்துத் தந்த நூலகர் அம்மாவுக்கு நன்றி. அலெக்சாந்தர், தியோதோதஸ், யூதிதெமஸ் என்று தனக்கு முன் ஆண்ட அரசர்கள் பெயரில் அவன் அடித்த காசுகளை அதில்தான் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 'நீதிமான் அகதோக்ளிஸ் ஆட்சியில்' என்று சேர்த்திருக்கிறான். அரியணை ஆட்டம் கண்ட ஒருவன் தன் உரிமையை நிலைநாட்டப் பாடுபட்டதாகவே எனக்குப் படுகிறது.

தம்மிடமிருந்த அவனுடைய வெண்கலக் காசை என் உள்ளங்கையில் வைத்த சேகரிப்பாளருக்கும் நன்றி. ஒரு பக்கம் விலங்கு, மறுபக்கம் பூ ஏந்திய பெண். முனைகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எத்தனை கை மாறியிருக்கும்!

ஐயா, உங்கள் பிராகிருதக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது. அட்டை போட்டு வைத்திருக்கிறேன், வருகிற சனிக்கிழமை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவன்