கசங்கும் தாளும் சுருளும் தேனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், 'காகிதம் மெல்லியது, வலுவில்லாதது. அதனால்தான் கசங்குகிறது' என்று ஒரு வரி படித்தேன். மெல்லியது என்பது சரி. வலுவில்லாதது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு தாளின் இரு ஓரங்களையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கிழியுமே ஒழிய, நீள்வது கண்ணுக்குத் தெரியாது. வளைக்கவோ ஒரு விரல் போதும். தாளின் தடிமன் பாதியானால், இழுத்து நீட்டத் தேவையான விசையும் பாதியாகும். ஆனால் வளைக்கத் தேவையான விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். அது தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அதனால் மெல்லிய பொருள் எப்படியாவது நீளாமல் வளைந்தே சமாளிக்கப் பார்க்கும்.

ஆனால் பந்தின் மேல் ஒட்டுவதுபோல ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் நீளாமல் முடியாது. 1827-இல் கணிதவியலாளர் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து வருவது இது. ஒரு தாளை ஓரத்தில் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். பிடித்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி லேசாகக் குழித்துவிடுங்கள், அதே தாள் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே ஒரு திசையில் வளைந்த தாள் தொங்க வேண்டுமானால் இன்னொரு திசையிலும் வளைய வேண்டும், நீளாமல் அது முடியாது. கசக்கும்போதும் இதே சிக்கல்தான். தவிர்க்க முடியாத நீட்சியை எல்லாம் சில முனைகளிலும் மடிப்புக் கோடுகளிலும் குவித்துவிட்டு, மற்ற இடங்களில் தாள் ஏறக்குறைய தட்டையாகவே இருந்துகொள்கிறது. நீங்கள் வெளியிட்ட படத்திலேயே அந்தக் கூர்முனைகள் தெரிகின்றன, கட்டுரையாளர் கவனிக்கவில்லை போலும்.

திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததும் குறைதான். கரண்டியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தேனை ஊற்றினால், நூலாக இறங்கி, அடியில் கயிறு சுருட்டுவதுபோல் வட்டமாக விழும். தரையைத் தொட்டதும் நூலின் அடிப்பகுதி நசுக்கப்படுகிறது. குறுகிப் பருப்பதைவிட வளைவது எளிது, அதனால் பக்கவாட்டில் சாய்ந்து சுற்றுகிறது. இரு முனையிலும் அழுத்தப்பட்ட மெல்லிய கம்பி வளைவதை 1744-இல் கணிதவியலாளர் ஆய்லர் கணக்கிட்டார். பிசுபிசுப்பான நூல்களும் அப்படியே வளைவதை 1968-இல் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் எடுத்துக்காட்டினார். வித்தியாசம் ஒன்றுதான்: காகிதம் எதிர்ப்பது எவ்வளவு வளைக்கிறோம் என்பதை, தேன் எதிர்ப்பது எவ்வளவு வேகமாக வளைக்கிறோம் என்பதை. அதனால்தான் தேனில் சுருள் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோகிறது. தாளில் மடிப்பு நிற்பதோ, அங்கே இழைகள் நிரந்தரமாக உருமாறிவிடுவதால்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்