சார்த்ர் பேராலயத்தின் கண்ணாடிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பிரான்ஸ் என்றாலே ஈஃபில் கோபுரம்தான் வருகிறது. பாரிஸிலிருந்து ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சார்த்ர் நகரம் வந்துவிடும். விடுமுறையில் நண்பர்களோடு அங்கே போய்வந்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

1194-இல் தீயில் பெரும்பகுதி அழிந்து, மறுபடி எழும்பிய பேராலயம் அங்கே இருக்கிறது. வெளியே இரண்டு கோபுரங்களும் ஒன்றுபோல இல்லை. ஒன்று 12-ஆம் நூற்றாண்டு, இன்னொன்றின் உச்சி மின்னல் தாக்கிய பிறகு 16-ஆம் நூற்றாண்டில் கல்லில் கட்டியது. சரி, உள்ளே வாருங்கள். முதலில் ஒரே இருட்டு, அப்புறம் கண் பழகப் பழக வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் அந்த நீலம் தெரிய ஆரம்பிக்கிறது பாருங்கள், பேசிக்கொண்டே வந்த நாங்கள் எல்லோரும் அப்படியே வாயடைத்து நின்றுவிட்டோம்.

சன்னல்களின் அடிப்பகுதியைத்தான் அவசியம் பார்க்க வேண்டும். ரொட்டி விற்பவர், செருப்பு தைப்பவர் என அந்தக் காலத்து உழைப்பாளிகள் வேலை செய்தபடியே கண்ணாடியில் இருக்கிறார்கள்! 1939-இல் போர் வரப்போகிறது என்றதும் இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் இன்று நாம் பார்க்க முடிகிறது.

பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பும் குழுக்களைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. பைனாகுலர் ஒன்றும், அரை நாள் நேரமும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி உங்கள் பக்கத்தில் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்