ரோஜாவின் கரும்புள்ளிக்கு மருந்து மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்ததும் மாடித் தொட்டிகளில் ரோஜாச் செடிகள் இலை கொட்டிக் குச்சியாக நிற்கத் தொடங்கும். பலரும் உடனே வேப்பெண்ணெய் அடிக்கிறார்கள். கேட்கவில்லை என்றால், கடையில் பொட்டலம் கட்டித் தரும் ஏதோ ஒரு பொடியைக் கரைத்துத் தெளிக்கிறார்கள். என்ன நோய் என்று பார்ப்பதே இல்லை.

ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். மேல்புறத்தில் கறுப்பு வட்டம். அதன் ஓரம் தாளில் மை ஊறியதுபோல் பிசிறு பிசிறாக இருக்கும். சுற்றிலும் மஞ்சள் பரவியிருக்கும், தொட்டாலே இலை உதிரும். இதுதான் டிப்ளோகார்பான் ரோசே என்ற பூஞ்சையால் வரும் கரும்புள்ளி நோய். கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் வெள்ளைப் பொடி படிந்து இலை சுருண்டால் அது சாம்பல் நோய். இலையெங்கும் ஊசிமுனை அளவில் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அது பூஞ்சையே அல்ல, செம்பேன். அதற்குப் பூஞ்சை மருந்து வீண்.

கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் இறங்க, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மாலையில் செடியின் தலையில் தண்ணீர் ஊற்றினால் அந்த நேரத்தை நாமே கொடுத்துவிடுகிறோம். காலையில் வேரில் மட்டும் ஊற்றுங்கள். தொட்டிக்குத் தொட்டி ஒரு அடி இடைவெளி விடுங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரம்வரை உள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணின் மேல் தேங்காய் நார்க்கழிவு பரப்பினால், மழைத்துளி தெறித்து வித்து மேலே ஏறுவது குறையும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். வீட்டு உரத்தொட்டியில் போட வேண்டாம், அந்தச் சூடு பூஞ்சையைக் கொல்லப் போதாது. தண்டில் கருஞ்சிவப்புத் தழும்பு இருந்தால் அதற்குக் கீழே வெட்டுங்கள். பூஞ்சை அங்கேயும் தங்கும்.

இதற்குப் பிறகுதான் மருந்து. மேங்கோசெப் 75 சதவீதப் பொடி லிட்டருக்கு 2 கிராம். இது இலைமேல் படிந்து காவல் காக்குமே தவிர, வந்த புள்ளியை மறைய வைக்காது. "அடித்தும் புள்ளி போகவில்லையே" என்று அளவைக் கூட்டுவது தவறு. புதுத் தளிரில் புள்ளி வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நோய் முற்றியிருந்தால் ஒருமுறை கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம் அடித்து, அடுத்த முறை மேங்கோசெப்புக்கு மாறுங்கள். கார்பென்டசிம்மையே தொடர்ந்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். பொடியை முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு மீதி நீரைச் சேர்த்து, காலையிலேயே இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள். பொடி அடியில் தங்கும் என்பதால் அடிக்கடி குலுக்க வேண்டும். மழைக்காலம் முடியும்வரை ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகுமுன் கந்தகம் அடித்தால் இலை கருகும். கடும் வெயிலிலும் அப்படியே.

பக்கத்துத் தொட்டியில் துளசியோ கறிவேப்பிலையோ வெற்றிலையோ இருந்தால் முதலில் அவற்றை நகர்த்துங்கள். ரோஜாவுக்கு அடிக்கும் மருந்து வாயில் போடும் இலையில் படக்கூடாது. வீட்டுத் தோட்டக்காரர்கள் பலர் கவனிக்காத இடம் இதுதான்.

பூஞ்சை மருந்துகளும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. முத்திரையிட்ட பாக்கெட்டில், விவரச் சீட்டோடுதான் விற்க வேண்டும். பெயரில்லாத பொட்டலத்தில் என்ன பொடி, எத்தனை சதவீதம், எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. சிறிய பாக்கெட்டுகள் எளிதாகக் கிடைத்தால் பொட்டலத்தை யாரும் தேடமாட்டார்கள். நிறுவனங்களும் தோட்டக்கலைத் துறையும் அதற்கு வழி செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் புரட்டாசிக் கடைசியிலேயே இந்த அளவுகளை வெளியிட்டால், முதல் புள்ளி விழும் முன்பே வாசகர்கள் வேலையைத் தொடங்கலாம்.

— ஒரு வாசகர், ஓசூர்